விழுந்தவனைத் தூக்க ஓடும் முன்

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் ஐடிஐ முடித்ததும் ஷட்டவுன் வேலைக்கு, அதாவது எண்ணெய் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் வேலைக்கு, கிளம்புகிறார்கள். கேரளத்துக்குள்ளேயே, கொச்சியை ஒட்டிய அம்பலமுகளில், 1966 முதல் ஓடும் கொச்சி சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அங்கே இடமில்லையென்றால் குஜராத் வரைகூடப் போகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படிப் போனவன்தான். போகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும்.

முதல் தவறு, மூக்கை நம்புவது. கச்சா எண்ணெயோடு வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை போல நாறும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு அளவை நெருங்கும்போது அது மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் "வாயு போய்விட்டது" என்று நினைக்கிறோம். உண்மையில் அது கூடியிருக்கலாம். சட்டையில் மாட்டிய, வாயுவைக் கண்டறியும் கருவி கத்தினால் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகி, பிறகு காற்று வரும் பக்கமாக ஏறிப் போங்கள்.

கலங்களுக்குள், அதாவது ஆலையின் மூடிய பெரிய இரும்புத் தொட்டிகளுக்குள், நிரப்பும் நைட்ரஜனுக்கு நாற்றமே கிடையாது. நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். ஒரு கலத்துக்குள் அது 19.5-க்குக் கீழே போனால் அதில் இறங்கக் கூடாது. நைட்ரஜன் நிரம்பிய கலத்தில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும்; திணறல்கூடத் தெரியாது. 2005 நவம்பரில் அமெரிக்காவின் டெலவேர் சிட்டி ஆலையில், உள்ளே கிடந்த ஒரு டேப் சுருளை எடுக்க முயன்றதாகக் கருதப்படும் தொழிலாளி அப்படி இறந்தார். அவரைத் தூக்க இறங்கியவரும் இறந்தார். இரண்டு பேருமே ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

அந்த இரண்டாவது சாவைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன். வேறொரு மாநிலத்து ஆலையில் கலத்துக்குள் இறங்கும் துளையான மேன்ஹோல் வாசலில் நான் காவலுக்கு நின்றபோது, உள்ளே இருந்த ஹெல்பர் சுருண்டு விழுந்தான். அடுத்த நொடி என் ஒரு கால் உள்ளே இருந்தது. பளு தூக்கும் வேலை பார்க்கும் ரிக்கர் அண்ணன் ஒருவர் என் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஹெல்பரின் இடுப்பில் கயிறு இருந்ததால் வெளியே நின்றபடியே அவனை மேலே இழுத்தோம், பிழைத்துக்கொண்டான். நான் இறங்கியிருந்தால் கயிற்றை இழுக்க ஒரு கை குறைந்திருக்கும், உள்ளே ஓர் உடல் கூடியிருக்கும். நெஞ்சு பதறும், தெரியும். ஆனாலும் வாசலை விட்டு நகராமல் குரல் கொடுங்கள். மூச்சுக் கருவியோடு வரும் மீட்புக் குழுதான் இறங்க வேண்டும்.

அடுத்தது, வால்வை மூடியதையே பாதுகாப்பு என்று எண்ணுவது. வால்வு கசியும், இன்னொருவர் தெரியாமல் திறந்தும் விடுவார். குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளேஞ்சுக்கு நடுவே வழியை அடைக்கும் இரும்புத் தகட்டை, அதாவது பிளைண்டை, வைத்திருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்த பிறகே ஸ்பானரை எடுங்கள். வேலைக்கான அனுமதிச் சீட்டான பர்மிட்டை மலையாளத்திலோ இந்தியிலோ படித்துவிட்டு "மனசிலாயோ?" (புரிந்ததா?) என்று கேட்கும்போது, வெட்கப்பட்டுத் தலையாட்டுகிறோம். எனக்கு மலையாளம் நன்றாகவே வரும். அப்படியும் புரியாமல் தலையாட்டிய நாட்கள் உண்டு. புரியவில்லையென்றால் தமிழில் கேளுங்கள்.

ஆலையை மீண்டும் ஓடவிடும் நாளில், வேலை இல்லாதவர்கள் அந்த யூனிட் பக்கமே நிற்கக் கூடாது. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி ஆலையில் அப்படி ஓடவிட்டபோது நடந்த வெடிப்பில் இறந்த 15 பேரும் அருகில் நிறுத்தியிருந்த டிரெய்லர் அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள்.

சூடான எண்ணெயோ நீராவியோ பட்டால் 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டுங்கள். பற்பசை, மை, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். நைலான், பாலியெஸ்டர் சட்டை உருகி ஒட்டும் என்பதால் உள்ளே பருத்தியே போடுங்கள்.

அடிபட்டதை "வீட்டில் நடந்தது" என்று எழுதச் சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும் முதன்மை நிறுவனத்திடம், அதாவது ஆலையை நடத்துபவர்களிடம், இழப்பீடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இடமும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்; மலையாளத்தில் எழுதிய எந்தத் தாளானாலும், நம்பிக்கையான ஒருவர் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.