ரோலரால் காருக்கு வண்ணம் பூசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சின் நல்ல நிலையில் இருந்தும் மேற்கூரையும் பானெட்டும் வெளிறிச் சுண்ணாம்பு பூத்துப் போன பழைய மாருதி 800, அம்பாசடர் போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்கள், பட்டறையில் முழு வண்டிக்கும் ஸ்ப்ரே அடிக்க ஆகும் தொகையைக் கேட்டதும் தயங்குவது நியாயமே. வண்டியை விற்றால் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். இரண்டு லிட்டர் அளவிலான சிந்தெடிக் எனாமல், டர்பெண்டைன், நுரை ரோலர், வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஆகியவற்றைக் கொண்டு வீட்டு வாசலிலேயே வண்ணம் பூசும் முறை இத்தகைய வண்டிகளுக்கு உண்மையிலேயே பொருந்துகிறது. பணத்தில் மிச்சமாவதை நாட்களாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நாட்களைச் சுருக்க முயல்வதிலிருந்துதான் கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

வேலையைத் தொடங்கும் முன்பே நிகழும் தவறு நிறத் தேர்வில் இருக்கிறது. மெட்டாலிக் நிறங்களை ரோலரால் பூச முயலக் கூடாது. அவற்றில் கலந்துள்ள நுண்ணிய அலுமினியச் செதில்கள் சீராகப் படிந்தால்தான் ஒரே மாதிரி மின்னும். ரோலர் அவற்றை இழுத்துச் செல்லும் திசைக்கேற்பத் திட்டுத் திட்டாக நிழல் விழுந்துவிடும். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, கருநீலம் போன்ற ஒற்றை நிறங்களே இந்த முறைக்கு ஏற்றவை. எந்த நிறமானாலும், ஆர்.சி. புத்தகத்தில் பதிவான நிறத்திலிருந்து மாற்றுவதாக இருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்று அந்த மாற்றத்தைப் பதிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ராணுவ வண்டிகளுக்குரிய ஆலிவ் பச்சை நிறத்தை மற்றவர்கள் தம் வண்டிகளுக்குப் பூசுவதை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்கின்றன.

அடுத்தது தயாரிப்பு. ஆண்டுக்கணக்கில் பூசப்பட்ட பாலிஷில் உள்ள சிலிக்கோன் பரப்பில் ஒட்டியிருக்கும்போது எமரி போட்டுத் தேய்த்தால், அந்தப் பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடுகிறது. அதன் மேல் விழும் பெயிண்ட் வட்ட வட்டமாக விலகிக் குழிகளை உண்டாக்கும். ஆகவே முதலில் சோப்பு நீரால் கழுவி, டர்பெண்டைன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்த பிறகே தேய்க்கத் தொடங்க வேண்டும். இந்த வேலைக்குப் பெட்ரோலைப் பயன்படுத்துவது தீயை அழைப்பதற்குச் சமம்.

துருவை மூடிவிட்டால் போதும் என்று நினைப்பது இன்னொரு பெரிய பிழை. கதவின் அடிவிளிம்பில் சிறு கொப்புளம் தெரிந்தால், உள்பக்கத்திலிருந்து தகடு அரித்துக்கொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். அதைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பு தெரியும் வரை தேய்த்து, அன்றைய தினமே பிரைமர் (அடிப்பூச்சு) பூசிவிட வேண்டும். இரவுப் பனியில் வெறும் தகட்டை விட்டுவைத்தால் காலையில் செம்மை படர்ந்திருக்கும். கதவுகளின் அடியில் மழைநீர் வெளியேறுவதற்கென்று இருக்கும் துளைகளைப் பட்டியால் (பள்ளங்களை நிரப்பும் பசை) அடைத்துவிடுபவர்கள், தாங்கள் சரிசெய்த இடத்தையே மீண்டும் அரிக்க வைக்கிறார்கள். பட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் பட்டி நீரை உறிஞ்சும் தன்மையுடையது. அதை உலர்ந்த நிலையில் தேய்த்துச் சமப்படுத்தி, பிரைமர் பூசிய பிறகே தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். முன்கூட்டியே தண்ணீர் விட்டால், அந்த ஈரம் உள்ளே சிக்கி, வெயில் காலத்தில் பெயிண்டைக் கொப்பளிக்க வைக்கும்.

இனி பெயிண்டைக் கலப்பதற்கு வருவோம். கையருகே என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான வீரியமான கரைப்பான்) இருக்கிறது என்பதற்காக அதைச் சிந்தெடிக் எனாமலில் ஊற்றக் கூடாது. அதன் வீரியம் கீழுள்ள பழைய பூச்சை இளக்கித் தோல் உரிந்ததுபோல் தூக்கிவிடுவதோடு, நுரை ரோலரையும் கரைத்துவிடலாம். இந்த எனாமலுக்கு உரியது மினரல் டர்பெண்டைன்தான்.

இந்த முறையின் உயிர்நாடி பூச்சின் மெலிவில் இருக்கிறது. பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். ஜன்னல் கம்பிக்குப் பூசுவதுபோல் டப்பாவிலிருந்து எடுத்த கெட்டியான பெயிண்டை அப்படியே உருட்டினால், ஒரே பூச்சில் நிறம் முழுமையாக மூடிக்கொள்வதைப் பார்த்து மனம் மகிழும். ஆனால் சிந்தெடிக் எனாமல் இரண்டு கட்டங்களில் உலர்கிறது: முதலில் டர்பெண்டைன் ஆவியாகிறது, பிறகு பெயிண்டில் உள்ள ரெசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. பூச்சு தடிமனாக இருந்தால் காற்றுபடும் மேற்பரப்பு மட்டும் ஆடைபோல் இறுகிவிட, அடிப்பகுதி இளகியே கிடக்கும். அடுத்த பூச்சின் கரைப்பான் அதற்குள் இறங்கும்போது மேல்தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். அப்படிச் சுருங்கிய இடத்தைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனவே பெயிண்ட் ஏறக்குறைய பால் பதத்துக்கு வரும்வரை கலக்க வேண்டும். முதல் பூச்சில் அடியிலுள்ள பிரைமர் தெளிவாகத் தெரியும். இரண்டாவதிலும் திட்டுகள் இருக்கும். அதைக் கண்டு பதறி மேலும் அப்ப வேண்டியதில்லை. ஐந்தாறு மெல்லிய பூச்சுகளில் நிறம் தானாக நிறைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது எட்டு மணி நேரம், காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஒரு முழு நாள், காத்திருக்க வேண்டும்.

ரோலரும் முக்கியம். சுவருக்குப் பயன்படும் பஞ்சு ரோலர், இழைகளை உதிர்த்து ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பை விட்டுச் செல்லும். நெருக்கமான நுரையாலான நாலங்குல ரோலரே சரியானது. அதை அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஓரங்களில் கோடு விழும். ஒரு கதவு, ஒரு மட்கார்டு என்று ஒரு பாகத்தை முழுமையாக முடித்துவிட்டு, எழும் குமிழிகள் அடங்குவதற்காகக் காய்ந்த ரோலரின் எடை மட்டும் படும்படி ஒரே திசையில் ஒருமுறை வருட வேண்டும். பாதியில் போனை எடுக்கப் போனால், ஈர ஓரம் காய்ந்து, திரும்பி வந்து தொடர்ந்த இடம் தனியாகத் தெரியும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதில் அடங்கும். மே மாத நண்பகலில் சுடும் பானெட்டின் மேல் உருட்டினால் பெயிண்ட் பரவிச் சமனாவதற்குள் காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ, மாலையில் பூசி இரவுப் பனியில் விட்டாலோ, பளபளப்பு மங்கிப் பாலாடை படிந்தாற்போல் ஆகிவிடும். தமிழகக் கடலோரத்தில் பொங்கலுக்குப் பிறகு வரும் வாரங்களில், பனி விலகிய காலை நேரமே இதற்கு மிகவும் உகந்தது. பூசுவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளித்தால் தூசு அடங்கும்.

இரண்டு பூச்சுகளுக்கு ஒருமுறை வாட்டர் பேப்பரால் தேய்ப்பதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு “ரோலர் போட்டது தெரிகிறது” என்று வருந்துகிறார்கள். 600ஆம் எண் தாளில் தொடங்கி (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்), கடைசிப் பூச்சுக்குப் பின் 1000, 1500, 2000 என்று படிப்படியாக ஏற வேண்டும். தேய்த்த இடத்தைத் துடைத்துவிட்டுப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால், மேடுகள் மங்கியும் பள்ளங்கள் இன்னும் பளபளக்கும் புள்ளிகளாகவும் தெரியும். இடைப்பூச்சுகளில் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் மறையும் வரை தேய்த்தால் போதும். கதவு விளிம்புகளிலும் உடலின் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு மெல்லியது. அங்கே நாலு தேய்ப்பு கூடினாலே பிரைமர் எட்டிப் பார்க்கும். தேய்த்து முடியும் வரை அந்த இடங்களில் டேப் ஒட்டி வைப்பது நல்லது.

பாதுகாப்பில் காட்டும் அலட்சியத்தைத் தவறு என்று சொல்வதுகூடக் குறைவுதான். எனாமல் நனைந்த துணிகளைக் குவித்துப் போட்டால், அவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்; விரித்துக் காயவைக்க வேண்டும் அல்லது தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், அதைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணிந்து, குழந்தைகளை விலக்கி வைக்க வேண்டும். கடைக்காரர் சொன்னார் என்று ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் இரண்டு பாக பெயிண்டை வீட்டில் கையாளத் துணிய வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும்.

கடைசியில் வரும் அவசரம், மறுநாளே ரப்பிங் காம்பவுண்டு (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டுப் பளபளப்பைப் பார்த்துவிடும் ஆசை. நகத்தை அழுத்தினால் தடம் பதியும் அளவுக்குப் பூச்சு இளகியிருக்கும்போது காம்பவுண்டு அதை இழுத்து மங்கலாக்கிவிடும். மறைவான இடத்தில் நகத்தால் அழுத்திப் பார்த்து, தடம் பதியாத நிலை வந்த பின்பே பாலிஷ் செய்யலாம். இதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மெழுகும் வேண்டாம், கார் கவரும் வேண்டாம். கவருக்கு அடியில் தேங்கும் ஈரமும் துணியின் நெசவும் இளம் பூச்சில் அப்படியே பதிந்துவிடும்.