லிட்டில் ராக் புகைப்படத்தைப் பார்ப்பது எப்படி?

ஐம்பதுகளின் அமெரிக்காவைப் பாடம் நடத்தும்போது, 1957 செப்டம்பர் 4 அன்று அர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் எடுத்த ஒரு புகைப்படத்தில்தான் தொடங்குகிறேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். பின்னால் கூச்சலிடும் முகங்களைக் கையால் மறைத்துவிட்டு அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குப் படிக்க வந்த கறுப்பின மாணவி எலிசபெத் எக்ஃபோர்டை மட்டும் பாருங்கள். வயது 15. கறுப்புக் கண்ணாடி, கையில் அணைத்த நோட்டு, வீட்டில் தைத்த உடை. வீட்டில் தொலைபேசி இல்லை. அதே பள்ளியில் சேரவிருந்த மற்ற எட்டுக் கறுப்பின மாணவர்களோடு சேர்ந்து வரச் சொன்ன தகவல் அவளுக்கு எட்டவேயில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

இப்போது கையை எடுங்கள்.

பிறகு, பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அந்த மாணவர்களைத் தடுக்க மாநில ஆளுநர் ஃபாபஸ் பள்ளி வாசலில் நிறுத்திய காவல்படை, அவர்களை உள்ளே அழைத்துச் செல்ல அதிபர் ஐசனோவர் அனுப்பிய ராணுவம் என்று வரிசையாகப் படியுங்கள். அவள் தனியே உட்கார்ந்த பஸ் நிறுத்தப் பெஞ்சின் படத்தையும் தேடிப் பாருங்கள்.