விரிதாளில் தேதி இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

05/03/2024. இது மார்ச் 5-ஆ, மே 3-ஆ? எழுதியவரைக் கேட்டால்தான் தெரியும். ஒருமுறை இப்படி வந்த பட்டியலில் கேட்காமலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன். பாதித் தேதிகள் தலைகீழாக உட்கார்ந்திருப்பது தெரிவதற்குள் அதை வைத்து மூன்று அறிக்கைகள் போய்விட்டன.

இந்தக் குழப்பத்துக்காகவே 1988-இல் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. ஆண்டு நான்கு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு, நடுவில் சிறு கோடு: 2024-03-05. பெரியதிலிருந்து சிறியதுக்குப் போவதால், வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் கால வரிசை மாறாது. கோப்புகளுக்குப் பெயர் வைக்கவும் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

படி 1: செல்லுக்குள் இருப்பது என்ன?

ஒரு செல்லில் 2024-03-05 என்று தட்டுங்கள். பிறகு அந்தச் செல்லின் ஃபார்மேட்டை 'ஜெனரல்' ஆக்குங்கள். 45356 என்று வரும். எக்செல்லுக்குத் தேதி என்பது ஒரு எண்தான். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணுகிறது. (1900-இல் இல்லாத பிப்ரவரி 29-ஐயும் சேர்த்தே எண்ணுகிறது. பழைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளின் பிழை அது. அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அப்படியே வைத்துக்கொண்டார்கள்.)

ஜெனரல் ஆக்கியும் எண்ணாக மாறவில்லையா? அப்படியானால் அது தேதி அல்ல, தேதி மாதிரி தெரியும் எழுத்து. தேதி செல்லின் வலது ஓரத்திலும் எழுத்து இடது ஓரத்திலும் நிற்கும் என்பது இன்னொரு அடையாளம், யாரும் அலைன்மென்ட்டை மாற்றி வைக்காதவரை.

படி 2: தோற்றத்தை மாற்றுவது

நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + 1 அழுத்துங்கள். 'கஸ்டம்' போய், 'டைப்' பெட்டியில் ஆங்கிலத்தில் நான்கு ஒய், சிறு கோடு, இரண்டு எம், சிறு கோடு, இரண்டு டி. சரி, முடிந்தது. கூகுள் ஷீட்ஸில் ஃபார்மேட் → நம்பர் → கஸ்டம் டேட் அண்ட் டைம். இதில் மாறுவது தோற்றம் மட்டும்தான். உள்ளே இருக்கும் எண் தவறாக இருந்தால் தவறு அழகாகத் தெரியும், அவ்வளவுதான்.

படி 3: மற்றவர் தந்த கோப்பைத் திறப்பது

வம்பு தொடங்கும் இடம் இதுதான். நாள் முதலில், மாதம் பிறகு என்று எழுதுபவர் அனுப்பிய சிஎஸ்வி கோப்பில் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைத்த வெறும் எழுத்துக் கோப்பு) மூன்று தேதிகள்: 05/03/2024, 12/03/2024, 25/03/2024. மூன்றும் மார்ச் மாதம். உங்கள் கணினியோ மாதத்தை முதலில் வைக்கும் அமெரிக்க அமைப்பில் இருக்கிறது. டபுள் கிளிக் செய்து திறந்தால் முதலாவது மே 3 ஆகும், இரண்டாவது டிசம்பர் 3 ஆகும். 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் மூன்றாவது எழுத்தாகவே இடது ஓரத்தில் நிற்கும். நம் கண் அதைத்தான் பார்க்கும். அதை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாகிவிடுவோம். உண்மையில் அது ஒன்றுதான் கெடாமல் இருந்தது! எல்லா நாளும் 12-க்குள் இருந்துவிட்டால் அந்தச் சின்ன எச்சரிக்கைகூடக் கிடைக்காது.

இப்படித் திறந்துவிட்டால் உட்கார்ந்து திருத்தாதீர்கள். சேமிக்காமல் மூடிவிட்டு, மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

எக்செல்லில் ஒரு வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா → ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி → டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா. வலப்பக்கப் பட்டியலில் 'சேஞ்ச்ட் டைப்' என்று ஒரு படி தானாகவே வந்திருக்கும். முதலில் அதை நீக்குங்கள். பிறகு தேதி நெடுவரிசையின் தலைப்பில் வலது கிளிக் → சேஞ்ச் டைப் → யூசிங் லொகேல். வகை 'டேட்', லொகேல் என்பதில் கோப்பை எழுதியவரின் வழக்கம், நம் உதாரணத்துக்கு யுனைடெட் கிங்டம். கடைசியாக குளோஸ் அண்ட் லோட். லிப்ரெஆபிஸில் இவ்வளவு சுற்ற வேண்டாம்: கோப்பைத் திறக்கும்போதே வரும் பெட்டியில் நெடுவரிசையைத் தொட்டு 'டேட் (டிஎம்ஒய்)', அதாவது நாள்-மாதம்-ஆண்டு, என்று கொடுத்தால் போதும்.

நெடுவரிசை முழுக்க எழுத்தாகவே இருந்தால் டேட்டா → டெக்ஸ்ட் டு காலம்ஸ். இரண்டு முறை 'நெக்ஸ்ட்', அப்புறம் 'டேட்' என்பதில் டிஎம்ஒய், பிறகு 'ஃபினிஷ்'. இங்கே பலர் தடுக்கி விழுவார்கள்: அந்தப் பெட்டி கேட்பது இப்போது இருக்கும் வரிசையை, உங்களுக்கு வேண்டிய வரிசையை அல்ல.

படி 4: சேமிப்பது

சிஎஸ்வி-யாகச் சேமிக்கும்போது, திரையில் தெரிவதைத்தான் எக்செல் எழுதும். அதனால் படி 2-ஐ முடித்த பிறகே சேமியுங்கள். சேமித்ததை எக்செல்லிலேயே மறுபடி திறந்தால் பழைய தோற்றம் திரும்பியிருக்கும். பதறாதீர்கள், கோப்புக்குள் சரியாகத்தான் இருக்கிறது. சரிபார்க்க நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செல்லில் திறந்த கையோடு இன்னொரு முறை 'சேவ்' அழுத்தினால்தான் ஆபத்து: அந்தப் பழைய தோற்றம் அப்படியே கோப்புக்குள் போய்விடும்.

நேரமும் சேர்ந்து வந்தால்

சில மென்பொருள்கள் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே ஆங்கில டி எழுத்தும், கடைசியில் இசட் எழுத்தும் போட்டுத் தரும். எக்செல் அதை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். அந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் டி-க்குப் பதில் ஓர் இடைவெளி, இசட்டுக்குப் பதில் ஒன்றுமில்லை என்று மாற்றினால் தேதியாகிவிடும். ஆனால் இசட் என்றால் யுடிசி நேரம், அதாவது உலகப் பொது நேரம் என்று பொருள். எழுத்தை நீக்கியதால் அது உங்கள் ஊர் நேரமாகிவிடாது; வித்தியாச மணிகளை 24-ஆல் வகுத்து நீங்களே கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.