புது பேட்டரி வாங்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதல் பழி பேட்டரி மேல்தான் விழுகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுசு மாட்டுகிறார்கள். அன்றைக்கு வண்டி ஓடுகிறது. கொஞ்ச நாளில் அதுவும் இறங்கிவிடுகிறது. தூத்துக்குடியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிற எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. பேட்டரி கரண்டைச் சேர்த்து வைக்கிற இடம், அவ்வளவுதான். அதை நிரப்புவது ஆல்டர்னேட்டர். பழைய ஆட்கள் இன்னமும் டைனமோ என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் வயர்கள். இந்த மூன்றில் எது காலை வாரியது என்று தெரிந்த பிறகு பர்ஸைத் திறங்கள். அதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு பெட்ரோல் பக்கமோ இக்னிஷன் பக்கமோ இருக்கும், சார்ஜிங்கைத் தேட வேண்டாம். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று அடித்து, டேஷ்போர்டு விளக்கும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் (பேட்டரியில் வயர் மாட்டுகிற முனை) பிடிக்கவில்லை. ஹெட்லைட் மங்காமல் எரியும்போதே ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகப்படலாம்.

அடுத்தது டெர்மினல். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இது சீக்கிரம் பூத்துவிடும். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி தெரிந்தால் மைனஸை முதலில் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். ஆப்பச் சோடா கலந்த வெந்நீரை ஊற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மேலே கொஞ்சம் வாசலின். கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள், துளிகூட அசையக் கூடாது. பாதி வண்டிகள் இந்த இடத்திலேயே ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஆகவில்லையா, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழக் கூடாது. ஆனால் காலியான பேட்டரியை வைத்து இந்த டெஸ்ட் செய்து ‘பேட்டரி போச்சு’ என்று முடிவு கட்டாதீர்கள். கடையில் கொடுத்து ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றிய பிறகுதான் அதன் உண்மையான நிலை தெரியும்.

இனி வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டையும் ஏசி புளோயரையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 12-லேயே நின்று மெல்ல மெல்ல இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டர் போய்விட்டது. அது பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவைத்தே தீர்த்துவிடும். புது மாடல்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் இசியூ (வண்டியின் கம்ப்யூட்டர்) கட்டுப்பாட்டில் இருக்கும், பேட்டரி நிறைந்திருந்தால் 13-க்குக் கீழேகூடக் காட்டும். அதில் சில நிமிஷம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

திருச்செந்தூர் ரோட்டிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வேகன்ஆர் கொண்டுவந்தார். “பேட்டரி புதுசுதான தம்பி, ரெண்டு மாசம்கூட ஆகல” என்றார். வேறொரு கடையில் ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். ஓடும்போது பேட்டரியில் 13.1 காட்டியது. அதே மீட்டரை ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் வெளியே வருகிற பி பிளஸ் போல்ட்டிலும் அதன் உடம்பிலும் வைத்தேன், 14.3. அப்படியானால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, வழியில் எங்கேயோ 1.2 வோல்ட் தொலைகிறது. பி பிளஸ்ஸுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே அளந்தால் 0.1, அது சரி. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 1.1. மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற எர்த் கேபிளின் லக்கை (முனையில் உள்ள உலோகப் பிடியை) வெட்டிப் பார்த்தேன். வெளியே கறுப்பு உறை புதுசு போல இருந்தது, உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. கேபிளை மட்டும் மாற்றினேன், 14.2 வந்துவிட்டது. ஹெட்லைட், புளோயர் என்று லோடு போட்ட நிலையில் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கமும் 0.3-க்கு மேல் தொலையக் கூடாது என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவெடுப்புக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. இதைச் செய்யாமல் ஆல்டர்னேட்டரைக் கழற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஆல்டர்னேட்டரிலேயே வோல்ட் இல்லை என்றால் பெல்ட்டைப் பாருங்கள். மழையில், அல்லது ஹெட்லைட் போட்டதும் கிரீச்சிட்டால் அது நழுவுகிறது. அடுத்து, சாவியை ஆன் செய்ததும் பேட்டரிச் சின்னம் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லையா? பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைக் கிளப்பிவிடும் கரண்டே அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. ஆகவே அந்த பல்பு, ஃப்யூஸ், ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள சின்ன கப்ளர் (வயர் செருகும் பிளக்) மூன்றையும் பாருங்கள். பேட்டரி பக்கத்து மெயின் ஃப்யூஸையும் விடாதீர்கள். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிற கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், கரண்டை ஒரே பக்கமாக விடுகிற டயோடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிரஷ் தேய்ந்ததற்காக முழு ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குள் சேறு இறுகிப் போயிருந்தது. அப்படி நனைந்த வண்டி என்றால் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

ஓடும்போது 14.2, ராத்திரி நின்றால் டவுன் என்கிற வண்டிகள் தனி ரகம். காலையில் சாவி போடும் முன் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்றும் அது வெதுவெதுப்பாக இருந்தால் டயோடு லீக், பேட்டரி அதன் வழியாகவே இறங்குகிறது. சில்லென்று இருந்தால் மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் கோத்து, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் விடுங்கள். மீட்டர் கோத்திருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் கவலையில்லை. அரை ஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) இறங்கும். சின்னக் கார்களின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்று நாளில் காலி. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கினால் அளவு இறங்குகிறதோ அந்த லைனில்தான் ஆள் ஒளிந்திருக்கிறான். டாக்ஸிகளில் ஜிபிஎஸ், சொந்த வண்டிகளில் டேஷ்கேம், வெளியில் மாட்டிய ஸ்டீரியோ இவற்றையே முதலில் சந்தேகப்படுவேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ‘டைனமோ வேலை செய்கிறதா’ என்று பார்க்க யாரையும் விடாதீர்கள். அந்த நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறி இசியூவைச் சுட்டுவிடும். பேட்டரி விலையெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது.

மதுரை ரோட்டில் எட்டயபுரம் பக்கம் வரும்போது பேட்டரி விளக்கு எரிகிறது என்று வையுங்கள். டெம்பரேச்சரும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். டெம்பரேச்சர் ஏறவில்லை என்றால் ஏசி, ஸ்டீரியோ, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல் பக்கத்து ஊர் எலக்ட்ரீஷியனிடம் போங்கள். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் வண்டியில் ஸ்டீயரிங் திடீரென்று கனக்கலாம், மெதுவாகவே ஓட்டுங்கள். பகலில் நல்ல பேட்டரி அரை மணி நேரமாவது தாங்கும். ராத்திரியில் ஹெட்லைட்டே அதைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டதும் உள்ளே விட்டுவிடுங்கள்.