எசேக்கியா விரித்து வைத்த கடிதம்: எதிர்ப்பு வரும்போது ஜெபிக்கும் முறை

விசுவாசத்தின் நிமித்தம் வீட்டிலோ வேலையிடத்திலோ எதிர்ப்பு கிளம்பினால், கை முதலில் தேடுவது ஆறுதலான ஒரு வசனத்தை. வசனம் கிடைக்கும், மனம் கொஞ்ச நேரம் அடங்கும், ராத்திரி பயம் திரும்பி வந்துவிடும். அந்த மாதிரி நாளில் ஒற்றை வசனத்தைவிட முழு அதிகாரம் நன்றாகத் தாங்கும். அசீரியா படையெடுத்து மிரட்டியபோது யூதாவின் ராஜா எசேக்கியா என்ன செய்தான் என்று சொல்லும் 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களை எடுத்து, வாய்விட்டு வாசியுங்கள். கால்மணி நேரம் போதும்.

அதற்கு முன் ஒன்று. சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். யேசபேல் ராணி கொலைமிரட்டல் விட்டதும் சாகலாம் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் உடனே உபதேசம் பண்ணவில்லை. தூதன் இரண்டு தரம் தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்கு அப்புறம்தான். மூன்று நாள் தூங்காதவர் உபவாசத்தில் இறங்கினால், சோர்வு எது, ஆவியானவரின் உணர்த்துதல் எது என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியாது.

அடுத்து, எதிர்ப்பு எதனால் வந்தது என்று நேர்மையாகப் பாருங்கள். கிறிஸ்தவனாயிருப்பதால் பாடுபடுவது வேறு, அந்நிய காரியங்களில் தலையிட்டுப் பாடுபடுவது வேறு என்று 1 பேதுரு 4:15, 16 பிரித்துச் சொல்கிறது. வேலையில் அசட்டை, கடுஞ்சொல், திருப்பிக் கொடுக்காத கடன் இதில் கலந்திருந்தால் அந்தப் பங்கை முதலில் சரிசெய்யுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் உபத்திரவம் என்று சொல்லிக்கொண்டால் ஜெபமே தடுமாறும்.

இனி எசேக்கியா. அவன் செய்தது எல்லாமே சரியாக இருக்கவில்லை. முதலில் அசீரியா ராஜாவைச் சமாதானப்படுத்த முந்நூறு தாலந்து வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் கொடுத்தான். ஆலயக் கதவுகளின் பொற்தகட்டைக்கூடக் கழற்றினான். அந்த ராஜா சனகெரிப் பணத்தை வாங்கிக்கொண்டு படையையும் அனுப்பினான். விசுவாசத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

சனகெரிப் அனுப்பிய அதிகாரி ரப்சாக்கே எருசலேம் மதிலருகே நின்று, எல்லாருக்கும் புரியும்படி யூதபாஷையில் கூவினான். ஜனங்கள் பதில் பேசவில்லை. பேசக்கூடாது என்பது எசேக்கியா ராஜாவின் கட்டளை. உங்களுக்கு அது, வாட்ஸ்அப்பில் வந்த வசைக்கு ஒரு முழு நாள் பதில் போடாமல் இருப்பது. அழிக்கவும் வேண்டாம், பிறகு தேவைப்படலாம்.

அசீரியாவின் மிரட்டல் கடிதம் வந்தபோது எசேக்கியா அதை வாசித்தான், கர்த்தருடைய ஆலயத்துக்குப் போனான், அவருக்கு முன்பாக விரித்தான். நீங்களும் ஒரு தாளில் ஐந்தாறு வரி எழுதுங்கள்: யார், எந்தத் தேதி, என்ன சொன்னார், என்ன செய்வதாக மிரட்டினார். “எல்லாரும் எனக்கு விரோதமாக இருக்கிறார்கள்” என்று எழுதாதீர்கள். எழுத ஆரம்பித்ததும் “எல்லாரும்” என்பது பெரும்பாலும் இரண்டு பேராகச் சுருங்கிவிடும். தாளை முன்னால் வைத்து, 19:15 முதல் 19 வரையுள்ள ஜெபத்தின் வரிசையிலேயே ஜெபியுங்கள்.

முதலில் தேவன் யார் என்பது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் என்று எசேக்கியா தொடங்குகிறான், மிரட்டல் அதற்குப் பின்னால்தான் வருகிறது. இரண்டாவது, கேளும், பாரும் என்ற மன்றாட்டு. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: அசீரியா ராஜாக்கள் மற்ற தேசங்களைப் பாழாக்கியது மெய் என்று அவன் ஒத்துக்கொள்கிறான். ஆபத்தைச் சின்னதாக்கிச் சொல்வது விசுவாசம் ஆகாது. “வேலை போகலாம், ஆண்டவரே” என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். கடைசியில்தான் விண்ணப்பம், அதுவும் கர்த்தரே தேவன் என்று மற்றவர்கள் அறியும்படியாக.

வார்த்தையே வராத நாட்களுக்கு 13-ஆம் சங்கீதம். ஆறே வசனம். முதல் இரண்டில் “எதுவரைக்கும்” என்று சங்கீதக்காரன் நாலு தரம் கேட்கிறான். மூன்றும் நான்கும் விண்ணப்பம். ஐந்தாவதில் “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்” என்கிறான். ஐந்தாவதுக்கு அவசரப்பட்டு ஓடாதீர்கள். முதல் வசனத்திலேயே ஒரு வாரம் நிற்க வேண்டியிருந்தால் நில்லுங்கள்.

தனியாகச் சுமக்கவும் வேண்டாம். எசேக்கியாவே ஏசாயா தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்பி ஜெபிக்கச் சொன்னான். வாய் காக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் போதும். ஐம்பது பேர் இருக்கும் குரூப்பில் பெயர், இடம், தேதியோடு ஜெபக்குறிப்பு போட்டால் அது யார் கைக்கும் போகும்.

ஜெபித்தவன் சும்மாவும் இருக்கவில்லை. நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்தான், இடிந்த மதிலைக் கட்டினான், தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தான். பாறையைக் குடைந்த அந்தச் சுரங்க வாய்க்கால், சுமார் 530 மீட்டர் நீளம், எருசலேமில் இன்றும் இருக்கிறது. எருசலேமில் காவலில் இருந்த பவுலைப் பாருங்கள். “திடன்கொள், ரோமாவிலும் சாட்சிகொடுக்கவேண்டும்” என்று கர்த்தர் ராத்திரி சொல்லியாயிற்று. விடிந்ததும் நாற்பது பேருக்கு மேல் அவனைக் கொல்லச் சபதம் எடுக்கிறார்கள். சகோதரியின் மகன் வந்து சொன்னபோது, வாக்குத்தத்தம் இருக்கிறதே என்று பவுல் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தப் பையனைச் சேனாபதியிடம் அனுப்பினான். 470 வீரர் காவலோடு செசரியாவுக்குப் போனான். ஆகவே தேதிவாரியாகக் குறித்து வையுங்கள், சாட்சிகளைத் தெரிந்துவையுங்கள், சட்டம் தரும் உரிமையைக் கேளுங்கள். அடி விழும் வீட்டிலிருந்து வெளியேறுங்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுவே.

அதிகம் தவறுகிற இடம் 91-ஆம் சங்கீதம். அதை எடுத்துச் சொல்லித்தான் பிசாசு இயேசுவை ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். வேண்டுமென்றே ஆபத்தில் போய் விழ அந்த வாக்குத்தத்தம் கொடுக்கப்படவில்லை. எந்தத் தீங்கும் தொடாது என்ற உறுதிச்சீட்டும் அல்ல. அப்போஸ்தலர் 12-ஐத் திறந்தால், அப்போஸ்தலன் யாக்கோபு பட்டயத்தால் கொலையாகிறான். அதே அதிகாரத்தில், பதினாறு சேவகர் காவலிலிருந்து பேதுரு வெளியே நடக்கிறான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. அடிபட்டு வந்தவரிடம் “நீங்கள் சரியாக ஜெபிக்கவில்லை” என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும், தேவன் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். உங்கள் ஜெபத்திலும் அந்த இரண்டு பாதியும் இருக்கட்டும்.

தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அதன் பின்பக்கத்தில், மிரட்டியவருக்காக ஒரு வரி எழுதுங்கள், அவர் பெயரைச் சொல்லி. சாபமாக வந்தாலும் பரவாயில்லை, பழிவாங்குதலைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு மறுநாள் அதே இடத்தில் இன்னொரு வரி எழுதுங்கள்.