அடகு நகை மூழ்காமல் மீட்க

அவசரச் செலவுக்கு நகைக்கடன் நல்ல வழிதான். ஜாமீன் ஆள் தேட வேண்டாம், பணமும் அன்றே கிடைக்கும். அந்தச் சுலபத்தால்தான் எப்போது, எந்தப் பணத்தில் மீட்பது என்று யோசிக்காமல் பலர் வைத்துவிடுகிறார்கள். நகை மூழ்குவதற்கான, அதாவது மீட்க முடியாமல் ஏலத்தில் போவதற்கான வழி அங்கேயே திறந்துவிடுகிறது.

முதலில் வட்டியை ஒரே கணக்குக்குக் கொண்டு வாருங்கள். அடகுக் கடையில் 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். '75 பைசா வட்டி' என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000 கட்டுவதா, 750 கட்டுவதா என்று பார்த்தால் எங்கே போவது என்பது தெளிவாகும். கூட்டுறவு சங்கம், வங்கி, அதன் பிறகே தனியார் நிதி நிறுவனம், கடைசியாக அடகுக் கடை என்ற வரிசையில் விசாரியுங்கள். சில இடங்களில் விளம்பரத்தில் போடும் குறைந்த வட்டி, மாதாமாதம் கட்டுபவருக்கு மட்டும்தான். இரண்டு மூன்று மாதம் விட்டால் விகிதம் ஏறிவிடும். "வட்டி கட்டாமல் ஆறு மாதம் போனால் எத்தனை சதவீதம்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பீட்டுக் கட்டணம், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அப்போதே கேளுங்கள்.

மதிப்புப் போடுவது நிகர எடைக்குத்தான். 24 கிராம் (3 சவரன்) ஆரத்தில் கல்லுக்கும் அரக்குக்கும் ஒன்றரை கிராம் கழித்தால் 22.5 கிராம். செய்கூலி, சேதாரம் எதுவும் கணக்கில் வராது. கணக்குக்காக கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு 2,25,000. ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி, 2026 ஏப்ரல் 1 முதல் இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்பது உச்ச வரம்பு. கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனென்றால், முடிவில் சேரும் வட்டியையும் கூட்டித்தான் இந்த வரம்பைப் பார்ப்பார்கள். கிடைக்கிறதே என்று முழுத் தொகையையும் வாங்காதீர்கள். தங்கம் விலை இறங்கினால், வரம்பு வரை வாங்கியவருக்குத்தான் முதலில் நெருக்கடி வரும்.

எல்லா நகையையும் ஒரே கடனில் வைக்காதீர்கள். ஆரம் ஒரு கடன், வளையல் ஒரு கடன் என்று பிரித்து வையுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடலாம், ஆனாலும் கையில் நாற்பதாயிரம் சேர்ந்ததும் வளையலை மட்டும் மீட்டுவிடலாம். ஒரே கடனாக இருந்தால் பாதிப் பணம் கட்டினாலும் நகை அங்கேயே கிடக்கும்.

உரசிப் பார்ப்பதும் எடை போடுவதும் உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். ரசீதில் மொத்த எடை, கழித்த எடை, நிகர எடை, தரம், நகையின் படம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். ஹால்மார்க் இல்லாத பழைய நகைக்குத் தரம் குறைவாகப் போடக்கூடும். அந்த மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால் வேறு இடத்திலும் காட்டுங்கள். ரசீதைப் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். வைத்தவர் இறந்து, நகை எங்கே இருக்கிறது என்றே குடும்பத்துக்குத் தெரியாமல் ஏலத்துக்குப் போவது உண்டு.

வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம் மாதக் கூட்டு வட்டியில் எதுவும் கட்டாமல் விட்டால் ஓராண்டில் 1,12,683 ஆகும். அதையே அப்படியே திருப்பி வைத்தால் இரண்டாம் ஆண்டு முடிவில் 1,26,973. மாதம் 1,000 கட்டியிருந்தால் அசல் ஒரு லட்சத்திலேயே நிற்கும். மேலே 2,000 சேர்த்துக் கட்ட முடிந்தால் அசலும் கரையத் தொடங்கும். கட்டும்போது அசலில் எவ்வளவு வரவு வைத்தார்கள் என்று ரசீதில் பாருங்கள்.

2021-ல் தமிழ்நாட்டில் கூட்டுறவு நிறுவனங்களில் 40 கிராம் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியானது. நிபந்தனைகளுக்குள் வராமல் விடுபட்டவர்களும் நிறைய. அடுத்த தள்ளுபடி வரும் என்று காத்திருந்து வட்டியை நிறுத்தி வைப்பது ஆபத்து.

முகவரியோ போன் நம்பரோ மாறினால் உடனே கிளையில் எழுதிக் கொடுங்கள். ஏல நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நோட்டீஸ் வந்துவிட்டால் நேரில் போய், குறைந்தபட்சம் நின்ற வட்டியைக் கட்டி அவகாசம் கேளுங்கள். கட்ட வழியே இல்லையென்றால், ஏலத்துக்கு விடாமல், முடிந்தால் நீங்களே ஒரு நகையை மீட்டு விற்று மற்றவற்றைக் காப்பாற்றுங்கள். ஏலம் போனாலும், கடனும் செலவும் போக மீதிப் பணம் உங்களுக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்குங்கள்.

மீட்கும் நாளில் அங்கேயே எடை போட்டு, ரசீதோடு ஒப்பிட்டு, கொக்கி, கல், திருகு எல்லாம் சரிபார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள். புதிய விதிப்படி முழுக்கடனும் கட்டிய அன்றே, அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள் வங்கியோ நிதி நிறுவனமோ நகையைத் தர வேண்டும். அவர்கள் தவறால் அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.