சாண்ட்பிளாஸ்டிங் நாஸில்: நீடித்து உழைக்கும் என்று வாங்கிக் கோட்டைவிடும் இடங்கள்

சாண்ட்பிளாஸ்டிங்கில் துருவை அடித்து எடுக்கும் கரடான துகளை, அதாவது கிரிட்டை, அழுத்தக் காற்றோடு பாய்ச்சும் முனைதான் நாஸில். அது தேயத்தான் செய்யும். எத்தனை மணி நேரத்தில் தேய்கிறது, தேய்ந்த பிறகும் எத்தனை நாள் அதையே மாட்டி ஓட்டுகிறோம் என்பதில்தான் பணம் கரைகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அதே குழியில் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. ஈரக் கிரிட், அடைத்துப்போன ஹோஸ் போன்றவற்றை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

எந்தக் கிரிட் என்று சொல்லாமல் நாஸில் கேட்பது

"நல்ல நாஸிலா கொடுங்க" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. உள்ளே எது ஓடப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. அலுமினா செராமிக் நாஸில் ஸ்டீல் கிரிட்டுக்கு 20 முதல் 40 மணி நேரம் தாங்கும். அதிலேயே அலுமினியம் ஆக்சைடை ஓட்டினால் 1 முதல் 4 மணி நேரத்தில் கதை முடிந்தது. இரண்டும் ஒரே பொருள், ஒன்றை ஒன்று தின்றுவிடும். டங்ஸ்டன் கார்பைடுக்கு ஸ்டீல் கிரிட்டில் 500 முதல் 800 மணி நேரம், அலுமினியம் ஆக்சைடில் 20 முதல் 40 மணி நேரம். சிலிக்கான் கார்பைடு கலவை ஸ்டீலில் அதே அளவு, அலுமினியம் ஆக்சைடில் 50 முதல் 100. போரான் கார்பைடு ஸ்டீலில் 1500 முதல் 2500, அலுமினியம் ஆக்சைடில் 200 முதல் 1000 வரை போகும். அழுத்தமும் கிரிட்டின் பருமனும் மாறினால் இந்த எண்களும் மாறும், ஆனால் வரிசை மாறாது.

ஸ்டீல் கிரிட் மட்டும் ஓட்டுகிறவருக்கு டங்ஸ்டன் கார்பைடு போதும். கனம் அதிகம்தான், ஆனால் முரட்டுக் கைக்குத் தாங்கும். போரான் கார்பைடு கடினமானது, அதனாலேயே நொறுங்கக்கூடியது. அடைப்பு எடுக்க அதை இரும்பில் தட்டுகிற பழக்கம் இருந்தால், உள் குழாயில் மயிரிழை விரிசல் விழுந்து, ஆயிரம் மணி நேர நாஸில் அன்றே போய்விடும்.

காற்று முழுவதையும் புதுத் துளைக்கே கொடுத்துவிடுவது

இதைப் பார்த்தால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. இருப்பதிலேயே விலை கூடிய நாஸிலை வாங்கி, அதன் ஆயுளில் பாதியைக்கூட அனுபவிக்க முடியாத அளவில் துளையைத் தேர்ந்தெடுப்பது!

நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற கணக்கு. 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இரண்டரை நூல் துளைக்கு, அதாவது 8 மி.மீ.க்கு, சுமார் 137 சி.எஃப்.எம். காற்று வேண்டும். மூன்று நூலுக்கு, 9.5 மி.மீ.க்கு, 196. மூன்றரை நூலுக்கு, 11 மி.மீ.க்கு, 250-ஐத் தாண்டும். அடிப்பவர் மூச்சுவிட ஹெல்மெட்டுக்குப் போகும் காற்றும் கசிவும் போக நாஸிலுக்கு 210 சி.எஃப்.எம். மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் உடனே மூன்று நூல் வாங்குவார். முதல் நாள் 100 பி.எஸ்.ஐ. நிற்கும், வேலை பறக்கும்.

துளை கால் நூல் தேய்ந்ததும் அழுத்தம் 90-க்கு இறங்கும். அரை நூல் தேய்ந்தால் 75-இல் வந்து நிற்கும். துளையின் விட்டம் ஆறில் ஒரு பங்குதான் கூடியது, ஆனால் அதன் பரப்பு 36 சதவீதம் கூடிவிட்டது. ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் வேலை ஒன்றரை சதவீதம் குறையும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. 25 குறைந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று.

அப்போது தளத்தில் நடப்பது வேடிக்கை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் யாருக்கும் உறைக்காது. கிரிட் வால்வைக் கூடுதலாகத் திறப்பார்கள். கிரிட் தீரும், துரு போகாது. மூட்டை சரியில்லை என்று வேறு கிரிட் இறக்குவார்கள். கம்ப்ரஸர் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். நாஸிலை மட்டும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயிற்றே!

அதே 210 சி.எஃப்.எம்.முக்கு இரண்டரை நூல் மாட்டியிருந்தால், அரை நூல் தேய்ந்து மூன்று நூல் ஆன பிறகும் 100 பி.எஸ்.ஐ. அப்படியே நிற்கும். முதல் நாள் வேகம் கொஞ்சம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். நாஸிலின் ஆயுள் முழுவதும் கைக்கு வரும். எனவே துளையைத் தேர்ந்தெடுக்கும்போது அடுத்த அளவுக்கும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு அளவு இறங்குங்கள்.

சோதிப்பது எளிது. வாங்கிய அளவைவிட அரை நூல் பெரிய டிரில் பிட்டின் வழவழப்பான பின்பகுதியைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். நுழைந்தால் நாஸிலை மாற்ற வேண்டியதுதான். துளை முட்டை வடிவமாகியிருந்தால் அதுவரை காத்திருக்கவே வேண்டாம். அழுத்தத்தைக் கம்ப்ரஸர் மீட்டரில் பார்ப்பதும் பயனில்லை. கிரிட் ஓடிக்கொண்டிருக்கும்போது, நாஸிலுக்குச் சற்றுப் பின்னால் ஹோஸில் ஊசி மீட்டரைக் குத்திப் பார்க்க வேண்டும்.

வாய் அளவைக் கவனிக்காதது

வாய் என்பது நாஸிலில் கிரிட் நுழையும் பக்கம். 32 மி.மீ. ஹோஸில் 25 மி.மீ. வாய் கொண்ட நாஸிலை மாட்டினால் நடுவில் ஒரு படி நிற்கும். கிரிட் அதில் மோதி முதலில் வாயைத் தின்னும். ஹோஸின் உள்விட்டமும் நாஸிலின் வாயும் ஒன்றாக இருக்கட்டும். ஹோஸ் துளையைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

பழைய வாஷர்

நாஸில் மாற்றும்போது வாஷரையும் மாற்றுங்கள். தேய்ந்த வாஷர் ஓரத்தில் கிரிட் சுழன்று நாஸிலைப் பிடித்திருக்கும் ஹோல்டரின் மரையை அறுத்துவிடும்.

ஸ்பானர் போட்டு இறுக்குவது

வேண்டாம். கை இறுக்கமே போதும்.

எல்லா இடத்துக்கும் நீள வென்ச்சுரி

நீள வென்ச்சுரி, அதாவது உள்ளே குறுகி மறுபடி விரியும் நீள நாஸில், 45 முதல் 60 செ.மீ. தள்ளி நின்று அகலமாக அடிக்க. மூலை முடுக்கில் 30 செ.மீ.க்குள் அடிக்க நேர்த்துளை நாஸில்.

ஆற்று மணல்

எந்த நாஸிலிலும் கூடாது. சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுத்தால் மாற்று உதிரி கிடையாது.

சக்ஷன் கன்னில் ஜெட்டை மறப்பது

சக்ஷன் கன் என்பது காற்று பாயும் வேகத்திலேயே கிரிட்டை உறிஞ்சி அடிக்கும் துப்பாக்கி; மூடிய பெட்டியான கேபினட்டில் இருக்கும். அதில் புது நாஸில் ஒரு பக்கமாகவே தேய்கிறதா? நாஸிலைக் குறை சொல்லாதீர்கள். பின்னால் இருந்து காற்றை விடும் ஏர் ஜெட்டின் முனை கோணலாக அரித்திருக்கும். ஜெட்டையும் சேர்த்து மாற்றி, நாஸில் துளை ஜெட் துளையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறதா என்று பார்த்துப் பொருத்துங்கள்.